கறைப்படையும் கறைபடாத நானும்

இந்த நாட்டில் ஒழுக்கம் இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணமானவர்கள் மொத்தம் மூன்று பேர். அவர்களில் இருவர் காலமாகிவிட்டார்கள். மீதமுள்ளவன் என்ற பொறுப்புணர்வோடுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்ரீஹரி. தி. நகரில், கீழே பாத்திரக்கடையும் மேலே பல் ஆஸ்பத்திரியும் நடுவில் இலக்கியமுமாக இயங்கும் ‘சன்மார்க்கம் பதிப்பக’த்தில் இருபத்தாறு ஆண்டுகளாக முதன்மை ஆசிரியர். பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில், ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்த குழந்தைக்கு ஒரு புத்தகம் கொடுப்பார்களே, ‘நல்லொழுக்கக் கதைகள் நூறு’, அது நான் எழுதியது. அதைப் பெற்ற குழந்தைகள் மறு ஆண்டு ஓடுவதில்லை என்று ஒரு புகார் உண்டு. நிரூபிக்கப்படவில்லை.

நான் பொய் சொன்னதில்லை. லஞ்சம் கொடுத்ததில்லை, கொடுக்க வேண்டிய இடங்களில் என் மைத்துனரை அனுப்பியிருக்கிறேன், அவர் என்ன செய்தார் என்று கேட்டதில்லை. சிக்னலில் மஞ்சள் விழுந்தாலே நின்றுவிடுவேன். பின்னால் வந்த இரண்டு பேர் என்மேல் மோதியிருக்கிறார்கள். அவர்களை மன்னித்துவிட்டேன்.

பதிப்பகத்தை நிறுவிய இனாயத் சாகிப் ஓய்வுபெற்று அவருடைய மகள் ஜுவேரியா பொறுப்பேற்றதும் முதல் வேலையாக ஒரு கூட்டம் கூட்டினார். கூட்ட அறை என்பது விற்காத ‘நல்லொழுக்கக் கதைகள்’ அடுக்கியிருந்த கிடங்கு. நற்பண்புகளின் மேல்தான் உட்கார்ந்தோம்.

“சார், நல்லவங்க ஓடுறதில்ல,” என்றார் ஜுவேரியா.

“எங்கே ஓடணும்?”

“மார்க்கெட்ல. இப்ப எல்லாரும் கேக்கறது ஆன்டிஹீரோ. நல்லதும் செய்யணும், கையும் சுத்தமா இருக்கக்கூடாது. கறுப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல. சாம்பல்.”

“சாம்பலா? யார் போயிட்டா?” என்று பதறினேன்.

யாரும் போகவில்லை என்றும், கறைபடிந்த நாயகர்கள் அணிசேர்ந்து ஊரைக் காப்பாற்றும் ஒரு காமிக்ஸ் வரப்போகிறது என்றும் விளக்கப்பட்டது. நான் அதன் ‘அறநெறி ஆலோசக’ராக நியமிக்கப்பட்டேன். ஒவ்வொரு நாயகனும் போதுமான அளவுக்குக் கெட்டவன்தானா என்று சான்றளிப்பது என் பணி. ஒழுக்கம் தெரிந்தவன்தான் ஒழுக்கக்கேட்டை அளக்க முடியும் என்பது நிர்வாகத்தின் துணிபு. இதற்காக ஒரு படிவமே தயாரித்தேன். பாத்திரத்தின் பெயர், சக்தி, பாவங்கள் (மூன்றுக்குக் குறையாமல்), சோகம் (ஒன்று போதும்).

படம் வரைய கயல் என்ற பெண்ணை அமர்த்தியிருந்தார்கள். கவின்கலைக் கல்லூரியில் படித்தவள். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில், மீன் விற்கும் அம்மா தேவானையோடு வசிப்பவள். முதல் நாளே மூன்று நாயகர்களை வரைந்துகொண்டு வந்துவிட்டாள்.

“இவரு கலவை கந்தப்பன் சார். ரோடு கான்ட்ராக்டரு. இவரு போட்ட ரோடு மொத மழைல கரைஞ்சிடும். அதான் பவரு. சிமென்ட்டுல கட்டுனது எதுவா இருந்தாலும் இவரு கைய வெச்சா கரைஞ்சி பூடும். இவரு கோப்பு கோதண்டம். கிளார்க்கு. எந்த ஃபைலயும் ஒரு தபா பாத்தா போதும், காணாப் பூடும். இவரு மீட்டர் மாணிக்கம். ஆட்டோ. மீட்டருக்கு சூடு வெச்சிருக்காரு. அத்தத் தட்டுனா டைமே ரெண்டு மடங்கு ஓடும்.”

அட்டையில் ‘கரைப்படை’ என்று எழுதியிருந்தாள். உடனே சிவப்பு மசியால் திருத்தினேன். “கறை என்றால் அழுக்கு. கரை என்றால் ஆத்தங்கரை. அழுக்குக்கு வல்லின ‘ற’ம்மா.”

“ரெண்டும் ஒண்ணுதான் சார். கரைல கீறவங்கள ஊரே அழுக்குன்னுதான சொல்லுது.”

இலக்கணப்படி இரண்டும் வேறு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அப்படித்தான் ‘கறைப்படை’ பிறந்தது.

பாவங்களைப் பற்றிய விவாதம் மூன்று அமர்வுகள் நீடித்தது. மீட்டர் மாணிக்கத்தின் படிவத்தில் ‘மீட்டருக்கு மேல் கேட்பவர்’ என்று மட்டும் இருந்தது.

“அது பாவம் இல்ல சார், ரேட்டு,” என்றார் ஜுவேரியா.

‘பாவம் போதாது’ என்று குறிப்பெழுதிப் படிவத்தைத் திருப்பினேன். பெற்ற தாயை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனாலும் ரிட்டர்ன் சார்ஜ் கேட்பவர் என்று சேர்க்கலாம் என ஆலோசனையும் வழங்கினேன்.

கயல் நிமிர்ந்து பார்த்தாள். “சார், அவரு கெட்டவரு. மிருகம் இல்ல.”

அனுபவம் போதாத பெண். நான் வேறு ஒரு திருத்தம் செய்தேன். முதல் மழையிலேயே சாலை கரைவது மிகையாகப்பட்டதால் ‘இரண்டாவது மழை’ என்று மாற்றினேன். நம்பகத்தன்மை முக்கியம்.

முதல் இதழ் மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன அரங்கில் வெளியானது. அழைப்பிதழில் ‘சிற்றுண்டி உண்டு’ என்று போட்டிருந்ததால் கலையார்வம் மிக்க கூட்டம். ‘தீமையின் நன்மைகள்’ என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசினேன். போண்டா தீர்ந்துவிட்டது என்று யாரோ சொன்ன பிறகும் பதினொரு பேர் இருந்தார்கள்.

இதழ் விற்றது. விற்ற வேகத்தைப் பார்த்து எனக்குக் கலக்கம். ஊரில் உள்ள கான்ட்ராக்டர்களும் கிளார்க்குகளும் மானநஷ்ட வழக்குப் போடுவார்களே! முன்னெச்சரிக்கையாக ஒரு மன்னிப்புக் கடிதத்தைத் தயாரித்து, பெயருக்கு இடம் விட்டு, ஐம்பது பிரதி எடுத்து வைத்தேன்.

பத்தாவது நாள் கிண்டியிலிருந்து நாகராஜ் என்ற கான்ட்ராக்டர் வந்தார். விரல் ஒவ்வொன்றிலும் ஒரு மோதிரம். காமிக்ஸை என் மேஜைமேல் போட்டார்.

“இது நான்தான?”

“ஐயா, இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே. இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில்…”

“அப்ப நான் இல்லியா?” அவர் முகம் தொங்கிவிட்டது. “இன்னா சார் இது? ஏரியா முழுக்க நான்தான்னு சொல்லி வெச்சிகீறேன்.”

“தங்கள் மானத்துக்கு ஏதாவது…”

“மானத்த வுடு சார். ரோடு ரெண்டாவது மழைல கரையுதுன்னு போட்ருக்கீங்களே, அது இன்னா கணக்கு? என் ரோடு மொத மழைக்கே நின்னதில்ல. பேப்பர்லயே போட்டோவோட வந்துச்சு. எழுதறதுக்கு முன்னாடி விசாரிக்க மாட்டீங்களா?”

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் எழுந்தார். போகும்போது கந்தப்பனின் மீசையை இன்னும் கொஞ்சம் முறுக்கிவிடச் சொன்னார்.

மறுநாள் சேரன் வந்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் எழுத்தர். ஒல்லியான மனிதர், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“பதினெட்டு வருஷம் சார். என் டேபிளுக்கு வந்த ஃபைல் ஒண்ணுகூட திரும்பிப் போனதில்ல. இருந்தாலும் ஆபீஸ்ல ஒருத்தரும் என்னை மதிச்சதில்ல. இந்த புக்கைப் படிச்சிட்டுத்தான் சார் என் வீட்டம்மா எனக்குக் கேக்காமலே காபி கொடுத்தா.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன்.

அதன்பின் வரிசை. ‘கோதண்டம் நான்தான்’ என்று ஏழு பேர். டோக்கன் கொடுக்க வேண்டியதாயிற்று. ஓர் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து மட்டும் மறுப்புக் கடிதம் வந்தது. கதையில் வரும் ஆட்டோவில் மீட்டர் ஓடுவதால், அது தங்களில் யாரும் அல்ல என்று அனைவரும் கையொப்பமிட்டிருந்தார்கள்.

இதற்கிடையில் என் பொதுவாழ்விலும் ஒரு நற்பணி கைகூடி வந்தது. நான் வசிப்பது அடையாற்றங்கரையை ஒட்டிய ‘நதிமுகம்’ அடுக்ககத்தில். குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளரும் நானே. நதிமுகம் என்று பெயர்தான். ஜன்னலைத் திறந்தால் முகத்தில் அறைவது நாற்பத்திரண்டு குடிசைகள். நதி அவற்றுக்குப் பின்னால் எங்கோ இருந்தது. குடிசைகள் எங்கள் கட்டடத்துக்கு நாற்பது வருடம் முந்தியவை என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். நதி அவற்றுக்கும் முந்தியது என்று பதில் சொன்னேன். கைதட்டல்.

மனுவை நானே எழுதினேன். ‘நதியின் நலன் கருதியும், அங்கு வசிப்போரின் எதிர்கால நல்வாழ்வைக் கருத்தில் கொண்டும், அன்னாரைத் தக்கதோர் இடத்துக்கு அனுப்பிவைத்து, அவ்விடத்தே பொதுமக்கள் பயனுற நடைபாதை ஒன்று அமைத்துத் தருமாறு…’ இருபத்தாறு ஆண்டுகால உரைநடைப் பயிற்சி வீண்போகவில்லை. அம்மக்கள்மேல் எனக்கு ஒரு துளி வெறுப்பும் கிடையாது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் அங்கிருந்துதான் வந்தார்.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் கயல் தாமதமாக வந்தாள். கையில் ஒரு தாள். பின்பக்கம் பசையும் சுவர்ச் சுண்ணாம்பும் ஒட்டியிருந்தன.

“இன்னா எழுதிகீதுன்னு பாருங்க சார். ரெண்டு மாசத்துல காலி பண்ணணுமாம். முப்பது கிலோமீட்டர் தள்ளி வூடு தராங்களாம். அங்க எங்கம்மா யாருக்கு சார் மீன் விக்கும்? இங்க ஒவ்வொரு வாசலும் அதுக்குத் தெரியும். யாரு வூட்ல வஞ்சிரம், யாரு வூட்ல நெத்திலின்னு எல்லாம் மனப்பாடம்.”

வாங்கிப் படித்தேன். ‘ஆற்று புறம்போக்கு’ என்று ஒற்று விட்டுப்போயிருந்தது. பேனாவை எடுத்து ‘ஆற்றுப் புறம்போக்கு’ என்று திருத்தினேன். மேலே படித்தபோது உடல் சிலிர்த்தது. ‘நதியின் நலன் கருதியும்’ என்று தொடங்கி ஒரு பத்தி முழுக்க என் உரைநடை, ஒரு காற்புள்ளிகூட மாறாமல்! ஓர் எழுத்தாளனுக்கு இதைவிட வேறென்ன அங்கீகாரம்? ‘பார்வை’ என்ற இடத்தில் எங்கள் சங்கத்தின் பெயரும் மனுவின் தேதியும் இருந்தன. அது அவள் பார்வையில் பட்டதா, தெரியவில்லை. நானாக எதுவும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதிருப்பது பொய்யாகாது. ‘நல்லொழுக்கக் கதைகள் நூறு’, பக்கம் 61.

மூன்றாம் இதழின் கதையைக் கயலே எழுதினாள். ஆற்றங்கரைக் குடிசைகளை இடிக்க வருகிறார்கள். கந்தப்பன் இடிக்க மறுக்கிறார். கோதண்டம் கோப்பைத் தொலைக்கிறார். மாணிக்கம் மீட்டரைத் தட்டித் தட்டி, இரண்டு மாதக் கெடுவை ஒரே நாளில் ஓடவிட்டு, நோட்டீஸையே காலாவதியாக்கிவிடுகிறார்.

“சூப்பர். வில்லன் யாரு?” என்று கேட்டார் ஜுவேரியா.

“அதான் மேடம் பிரச்சின. கெட்டவங்க எல்லாரும் நம்ம டீம்ல கீறாங்க. மிச்சம் இருக்கறது நல்லவருதான். அவரையே வில்லனா வெச்சிட்டேன்.”

படத்தைக் காட்டினாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கை. கையில் பேனா. கீழே ஒரு கையெழுத்து. முகமே இல்லை.

அறநெறி ஆலோசகர் என்ற முறையில் ஆட்சேபித்தேன். “இவருக்கு என்ன நோக்கம்? பழிவாங்கலா? பேராசையா? அந்த ஜனங்கள் மேல ஏதாவது கோபமா?”

“ஒரு கோபமும் இல்ல சார்.”

“கோபமே இல்லாம ஒருத்தர் எதுக்கும்மா இதைச் செய்யணும்?”

“தெரில சார். அதான் பயமா கீது.”

‘பாத்திரப்படைப்பு முழுமை பெறவில்லை’ என்று படிவத்தில் எழுதினேன். ஆனாலும் இதழ் வெளிவந்தது. முந்தைய இரண்டையும்விட வேகமாக விற்றது. விந்தை என்னவென்றால், வில்லன் நான்தான் என்று ஒருவரும் டோக்கன் வாங்க வரவில்லை.

குறித்த நாளும் வந்தது. காலை ஒன்பது மணிக்கு ஃபில்டர் காபியோடு பால்கனியில் நின்றேன். இடிக்கும் ஒப்பந்தம் யாருக்குப் போயிருந்தது என்கிறீர்கள்? நாகராஜுக்கு. ஜேசிபிக்கு முன்னால் ஜீப்பில் வந்து இறங்கினார். குடிசை வாசல்களில் நின்ற பெண்கள் அவரைப் பார்த்ததும், “ஏய், கலவைடீ! கலவை கந்தப்பன்!” என்று கூவினார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

நாகராஜ் மீசையைத் தடவினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு ஜேசிபியில் ஏறி, சாவியை உருவி, ஆற்றைப் பார்த்து ஒரே வீச்சு.

உடன் வந்த அதிகாரி ஓடிவந்தார். “என்னய்யா, வேலையை ஆரம்பிக்கல?”

“சாவி காணும் சார்.”

“இப்பதானே ஆத்துல வீசினீங்க?”

“பாத்தீங்கல்ல? அப்ப காணும்தான?”

தேவானை பொரித்த மீனை வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். நாகராஜ் மோதிரக் கையால் முள் எடுத்துத் தின்றபடி, “மூணாவது புக்குல நான் இடிக்க மாட்டேன்னு அச்சடிச்சிட்டாங்கம்மா. இனிமே இடிச்சா எங்கூட்ல சோறு போடுவாளா?” என்றார்.

வேறு ஒப்பந்ததாரரை அனுப்பலாம் என்று அதிகாரி அலுவலகம் திரும்பினார். அங்கே கோப்பைக் காணோம். கடைசியாக அது போனது, அங்கேதான் எழுத்தராக இருந்த சேரனின் மேஜைக்கு. மனு, அளவை வரைபடம், உத்தரவு, ஒன்றுகூட மிஞ்சவில்லை. கணினியில் இருந்ததையும் சேரன் ‘புதுப்பித்து’விட்டிருந்தார். கோப்பு இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது. ஊரறிந்த இரண்டு ஊழல்வாதிகள் சேர்ந்து நாற்பத்திரண்டு குடும்பங்களைக் காப்பாற்றிவிட்டார்கள். நாட்டின் நிலைமையை நினைத்து வேதனைப்பட்டேன்.

இரண்டு வாரத்தில் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு பணிவான கடிதம் வந்தது. ‘தங்களிடம் மேற்படி ஆவணங்களின் நகல் ஏதேனும் இருப்பின்…’

இருந்தது. எனக்கு அனுப்பிய ஒவ்வொரு தாளையும் தேதிவாரியாக, வண்ணச்சீட்டு ஒட்டி, ஓர் உறையில் வைத்திருந்தேன். நான் அப்படிப்பட்டவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கயல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள்.

“சார், ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்துச்சாமே. சேரன் சார் சொன்னாரு. நகல் உங்களாண்ட கீதா?”

“இருக்கு.”

“இல்லன்னு சொல்லிடுங்க சார். ஒரே ஒரு வார்த்த.”

“அது பொய்யாச்சேம்மா.”

“பொய்தான். அத்தத்தான் கேக்கறேன். நாகராஜு அண்ணன் பிசினஸே போனாலும் பரவால்லன்னு சாவிய வீசிட்டாரு. சேரன் சாருக்கு ரெண்டு பொண்ணு. அவரே துணிஞ்சிட்டாரு. உங்களாண்ட காசு கேக்கல, சண்ட போடச் சொல்லல. ‘இல்ல’ன்னு மூணு எழுத்து. உங்களுக்கு இன்னா சார் போய்டும்?”

“எனக்குப் பழக்கமில்லம்மா.”

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். “ஒரு தடவை இல்லேன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவேள்? உங்களுக்காக யாரும் சிலை வைக்கப்போறதில்லை.” பெண்களுக்கு இளகிய மனசு. அதனால்தான் சங்கத்தில் நான் செயலாளர்.

கயல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவியர்கள் அளவெடுப்பார்களே, அதுபோல.

“அந்த வில்லன் மூஞ்ச வரைய எத்தினியோ தபா உங்களப் பாத்துப் பாத்து ட்ரை பண்ணேன் சார். ஒரு தழும்பு இல்ல, ஒரு கோடு இல்ல, புடிக்கறதுக்கு ஒண்ணுமே கெடைக்கல. அதான் கையெழுத்தோட வுட்டுட்டேன்.”

ஐம்பத்தேழு வயதில் என் சருமத்தை யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. நன்றி சொன்னேன். அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

தபாலில் அனுப்பினால் தொலைந்துபோகக்கூடும். ஆகவே திங்கட்கிழமை காலை நானே பஸ் ஏறிப் போய், மூன்று செட் ஜெராக்ஸ், பக்கத்துக்குப் பக்கம் சான்றொப்பத்துடன், நேரில் ஒப்படைத்தேன். அதிகாரி எழுந்து நின்று கைகுலுக்கினார். “உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும் சார்,” என்றார். நான் ஒருவனே போதும் என்று அடக்கத்தோடு சொன்னேன்.

பின்னர் நடந்தவை யாவும் சட்டப்படி நடந்தவை. பதினெட்டு ஆண்டுகள் கோப்புகளைத் தொலைத்தும் ஒரு குறிப்பாணைகூடப் பெறாத சேரன், இந்த ஒரு கோப்பைத் தொலைத்ததற்காகத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். மழையில் கரைந்த சாலைகளுக்கெல்லாம் புதிய ஒப்பந்தம் பெற்ற நாகராஜ், ஒரு சாவிக்காகக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். வேறு ஜேசிபி வந்தது. அதற்கு இரண்டு சாவி இருந்தது.

டெம்போக்களில் சாமான் ஏற்றியபோது பால்கனியில்தான் நின்றேன். தேவானை கடைசி வண்டியின் பின்பக்கம், காலி மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கயல் பக்கத்தில் நின்று கூடை சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் அழவில்லை. ஆகவே யாருக்கும் வருத்தமில்லை என்று சங்கத்தின் நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவு செய்தேன்.

நான்காம் இதழ் வரவில்லை. சாம்பல் போய்விட்டதாம், மறுபடி வெள்ளைதானாம். “இப்ப எல்லாரும் நல்லவங்களத்தான் தேடறாங்க சார்,” என்றார் ஜுவேரியா. ‘நேர்மைநாதன்’ என்ற புதிய காமிக்ஸுக்கு என்னையே மாதிரியாக வைத்துக்கொள்ளத் தீர்மானமாயிற்று. வரையத்தான் ஆள் இல்லை. கயலின் ராஜினாமா தபாலில் வந்திருந்தது. ஒரே வரி, ஒரு பிழையும் இல்லை. வேறு ஓவியரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். வருகிறவர்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகப் போய்விடுகிறார்கள்.

நடைபாதை பிரமாதம். தினமும் காலையில் நாலு சுற்று நடக்கிறேன். நதி நன்றாகத் தெரிகிறது. அதன் வாசனையும் தடையின்றி வருகிறது. மடியில் கனமில்லாமல், மனதில் உறுத்தலில்லாமல், எதிர்ப்படுவோருக்கெல்லாம் வணக்கம் சொல்லியபடி நடக்கிறேன். எல்லோரும் பதில் வணக்கம் சொல்கிறார்கள். இந்த ஆற்றங்கரையில் என்மேல் ஒரு குற்றம் சொல்ல இன்று ஒருவர்கூடக் கிடையாது. இருந்த நாற்பத்திரண்டு குடும்பங்களையும் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பியாகிவிட்டது.